விலையில்லா மடலும் வேவு பார்க்கும் பக்கமும்

இலக்கியம் வாசிக்க வருபவரை வேவு பார்க்கவேண்டிய தேவை என்ன? நம் இலக்கியவாதிகள் இந்தக் கேள்வியை உரக்கக் கேட்பதாகத் தெரியவில்லை. நுகர்வுப் பண்பாட்டைக் கண்டித்து எழுதப்பட்ட கட்டுரையின் நான்கு புறமும் விளம்பரங்கள். வாசகர் எங்கிருந்து வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார், அடுத்து எங்கே போனார் என்று குறித்துக்கொள்ளும் நிரல்கள் அதன் அடியில். கேட்டால், ‘இணையம் என்றால் அப்படித்தான்’ என்கிறார்கள். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை என்பதே என் தரப்பு.

முதலில் எடைக் கணக்கு. இன்றைய யூனிகோடு கோப்பில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட்டு. ‘கு’ என்ற ஓரெழுத்துக்கு இரண்டு குறி, ஆறு பைட்டு. அப்படியும் 1330 குறளும் சேர்ந்து 300 கிலோபைட்டைத் தாண்டாது. சராசரி வலைப்பக்கமோ 2 மெகாபைட்டைக் கடந்துவிட்டது. நான்கு பத்திப் புத்தக மதிப்புரையைப் படிக்க ஏறத்தாழ ஏழு திருக்குறள் எடையுள்ள சுமையை இறக்குகிறோம். அதில் எழுத்தின் பங்கு மிகச் சொற்பம்.

வேறு வழி இல்லாமலில்லை. 1991இல் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ‘கோஃபர்’ பிறந்தது. ஒரு பட்டியல், அதிலிருந்து ஓர் உரை, அவ்வளவே. 1993இல் அப்பல்கலைக்கழகம் உரிமக் கட்டணம் பற்றிப் பேசத் தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் செர்ன் ஆய்வகம் வலையை எல்லோருக்கும் கட்டணமின்றித் திறந்துவிட்டது. கோஃபரின் தேய்வுக்கு அதன் எளிமையை மட்டும் குறைசொல்ல முடியாது.

அந்த வழியில் 2019இல் வந்தது ‘ஜெமினி’. ஒரு வேண்டுகோள், ஒரு பதில், அத்துடன் தொடர்பு முடிந்தது. இணைப்பு எப்போதும் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். குக்கி இல்லை, பக்கத்தோடு ஒட்டிவரும் நிரல் இல்லை, தானாக இறங்கும் படம் இல்லை. தலைப்பு, பத்தி, மேற்கோள், பட்டியல், சுட்டி போன்ற சிலவே உண்டு. பக்கத்தின் மொழி தமிழ் என்று அறிவிக்கவும் அதில் இடமுண்டு. வழங்கியை நடத்துபவருக்கு வாசகரின் ஐபி முகவரி தெரியும் என்பது உண்மைதான். ஆனால் மூன்றாமவர் எவரும் பக்கத்துக்குள் ஒளிந்திருந்து குறிப்பெடுக்க முடியாது. கவிதைக்கும் கட்டுரைக்கும் இதற்கு மேல் என்ன வேண்டும்?

கொங்கு நாட்டவர்க்கு இது புதிய கருத்தாகவே இருக்கக்கூடாது. 1971இல் கோவையிலிருந்து வந்த ‘வானம்பாடி’ தன்னை விலையிலாக் கவிமடல் என்றே அழைத்துக்கொண்டது. அந்த மடலுக்கு விலையில்லை. அதை வாங்கிப் படித்தவருக்கும் எவரும் விலைவைக்கவில்லை. இன்றைய ‘இலவச’த்தில் மடல் இலவசம், வாசகர் சரக்கு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது மொழிக்கே இழுக்கு.

எளிய தொழில்நுட்பம் என்பது பொழுதுபோகாதவர்களின் விளையாட்டு என்று எண்ணுபவர்கள் ஆனைமலைத் தொடரின் மேலே வால்பாறையைப் பார்க்கவேண்டும். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டுபட்டுக் கிடக்கும் காடுகளை யானைகள் கடந்து செல்கின்றன. அவை நிற்குமிடத்தை அருகில் வாழ்வோருக்கு அறிவிக்க ஆய்வாளர் ஆனந்த குமாரும் அவர் குழுவினரும் தேர்ந்தது குறுஞ்செய்தியையும், குரல் அழைப்பையும், கைப்பேசியால் இயக்கப்படும் சிவப்பு விளக்குகளையும். இப்பணிக்காக அவருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. குறுஞ்செய்தி அந்தரங்கம் காக்கும் என்று நான் சொல்லவரவில்லை. உயிர் காக்கும் செய்திக்கே ஒரு குறுஞ்செய்தி போதுமாயிருக்க, ஒரு சிறுகதை விமரிசனத்துக்கு இத்தனை ஆரவாரம் எதற்கு என்றே கேட்கிறேன்.

‘தனி உலாவி வேண்டும், யார் வருவார்கள்?’ என்பது நியாயமான மறுப்பு. வழக்கமான உலாவிகள் ஜெமினியைத் திறப்பதில்லை, வருபவர் சிலரே. ஆனால் சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’வைத் தொடங்கியபோது கூட்டத்தை எண்ணியா தொடங்கினார்? சிற்றிதழ் மரபைத் தலையில் வைத்துக் கொண்டாடும் நாம், இணையத்துக்கு வந்ததும் சொடுக்குக் கணக்கின் முன் மண்டியிடுகிறோம்.

கூட்டத்தை நம்பிப் போன இடங்கள் என்னவாயின? ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. கூகுள் ரீடர் 2013இல், கூகுள் பிளஸ் 2019இல். அங்கிருந்த தமிழ் எழுத்தில் எவ்வளவு மிஞ்சியது? மாறாக, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் பழைய தகுதரக் குறியேற்றத்திலிருந்து யூனிகோடுக்கு மாறியும் நிலைத்திருக்கின்றன. எளிய வடிவில் இருந்ததால் எவரும் படியெடுக்க முடிந்தது, மாற்ற முடிந்தது.

வலையைத் துறந்து வனவாசம் போகச் சொல்லவில்லை. இலக்கியத் தளங்கள் மூன்று காரியங்கள் செய்யட்டும். வேவு நிரல்களை நீக்கட்டும். முழுக் கட்டுரையையும் ஓடையில் தரட்டும். ஒவ்வோர் ஆக்கத்துக்கும் ஜெமினியிலோ எளிய உரையாகவோ ஒரு படி வைக்கட்டும். மறுக்கும் நண்பர்கள் காரணத்தைச் சொல்லலாம். ‘எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்’ என்பது மட்டும் காரணமாகாது.