குரங்குப் பெடலும் கோல்ஃப் மட்டையும்

போன ஞாயிற்றுக்கிழமை டிரைவிங் ரேஞ்சில் நம்மூர்க்காரர் ஒருவரைப் பார்த்தேன். எட்டு வயசுப் பையன் கையில் தன்னுடைய பழைய 5-ஆம் நம்பர் அயர்னைக் கொடுத்துவிட்டு, "இன்னும் கீழே இறக்கிப் பிடிடா" என்று கத்திக்கொண்டிருந்தார். நிறுத்தி வைத்தால் மட்டை பையனின் நெஞ்சு வரைக்கும் வந்தது. பிடித்த இடத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த மிச்சம் ஒவ்வொரு வீச்சுக்கும் வயிற்றில் குத்தியது. பத்துப் பந்தில் ஒன்றுகூட ஒழுங்காகப் படவில்லை. கடைசியில் அப்பா சொன்னதுதான் என்னை இதை எழுத வைத்தது. "விடு, உனக்கு இது வராது."

சார், நீங்கள் இதைப் படிக்கிறீர்களோ இல்லையோ, சொல்லிவிடுகிறேன். வராதது உங்கள் பையனுக்கு இல்லை. தப்பு மட்டையில் இருக்கிறது. மட்டையைக் கொடுத்தது நீங்கள்.

அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே பாவத்தை நானும் செய்தவன். பெண்ணுக்கு அப்போது ஒன்பது வயசு. என் பழைய ஸ்டீல் செட்டை காராஜில் வைத்து, ரம்பத்தால் பிடிப் பக்கம் இரண்டு இரண்டு அங்குலமாக அறுத்து, மேலே புது கிரிப் மாட்டிக் கொடுத்தேன். காசு மிச்சம் என்று பெருமை வேறு. மூன்று மாசத்தில் அவளுக்கு மணிக்கட்டு வலி வந்தது. வகுப்பெடுத்த பயிற்சியாளர், "இவளுக்கு உடம்பில் பலம் போதாது" என்றார். மட்டையை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஒரு நாள் காரில் வரும்போது, "அப்பா, நான் இனிமே வரலைப்பா, எனக்கு இது வரல" என்றாள்.

அந்த வார்த்தையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். தடாவில்.

எங்கள் ஊர் தடா. ஆரம்பாக்கம் தாண்டினால் அடுத்த ஸ்டேஷன். அப்போது நெல்லூர் மாவட்டம், 2022-இலிருந்து திருப்பதி மாவட்டம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. அப்பாவிடம் ஒரே ஒரு சைக்கிள், 22 அங்குல உயரம், குறுக்குக் கம்பி போட்டது. என் வயசுக்காரர்களுக்கு மேற்கொண்டு சொல்லவே வேண்டாம். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. கம்பிக்குக் கீழே காலை விட்டு, உடம்பைக் கோணலாக்கிக் குரங்குப் பெடல் போட்டு நான் கற்றுக்கொண்டேன். முட்டியில் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது.

என் தங்கை கற்றுக்கொள்ளவில்லை. பாவாடை கட்டிக்கொண்டு அந்தக் கம்பிக்குள்ளே காலை விட முடியுமா? இரண்டு தடவை விழுந்தாள். "இவளுக்குச் சைக்கிள் வரல" என்று வீட்டில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. பள்ளிக்கூடம் முடியும் வரை நடந்தேதான் போனாள். 2000-களில் எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் பள்ளிப் பெண்களுக்கு அரசாங்கமே சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. குறுக்குக் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள். ஆரம்பாக்கத்துப் பெண்கள் ரோட்டில் வரிசையாக ஓட்டிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு மட்டும் எப்படி வந்தது? என் தங்கைக்குச் சைக்கிள் வராமல் போகவில்லை. அவளுக்கான சைக்கிள்தான் வீட்டுக்கு வரவில்லை.

சரி, கோல்ஃபுக்கு வருவோம்.

நம்மில் பலருக்கு இது பணக்கார ஆட்டம் என்ற நினைப்பு. ஊரில் அது உண்மைதான். 1829-இல் கல்கத்தாவிலும் 1895-இல் கொடைக்கானலிலும் வெள்ளைக்காரர்கள் கிளப் ஆரம்பித்த காலத்தில் நம் ஆட்களுக்குக் கிடைத்தது பை தூக்கும் வேலை. இங்கே மெல்போர்னில் கவுன்சில் மைதானத்தில் யார் வேண்டுமானாலும் காசு கட்டி ஆடலாம். அதனால்தான் நம் பிள்ளைகள் இத்தனை பேர் வருகிறார்கள். வந்தவர்கள் நிலைக்க வேண்டாமா?

"நீளம் அதிகமா இருந்தா அறுத்துட்டா போச்சு" என்பவர்களுக்குச் சொல்கிறேன். அறுத்தால் நீளம் மட்டும்தான் குறையும். பெரியவர்களின் 7-ஆம் அயர்னில் தலை மட்டுமே சுமார் 270 கிராம். அதில் ஒரு கிராம்கூடக் குறையாது. ஷாஃப்ட் குட்டையானால் இன்னும் விறைப்பாகும். வளைந்து கொடுக்காத, கனமான கம்பியைத்தான் குழந்தை கையில் கொடுக்கிறோம். நீளத்தை அப்படியே விட்டாலும் சங்கடம். பிடிக்கும் கை தாழ்ந்திருப்பதால் மட்டையின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், குதிப்பக்கம் தரையில் உரசும். வலக்கை ஆட்டக்காரர் அடித்தால் பந்து இடது பக்கம் ஓடும். குழந்தை அதைச் சரிசெய்ய உடம்பை வளைக்கும், அந்த வளைசல் பழக்கமாகும். அப்புறம் அந்த வளைசலை நிமிர்த்தக் கோச்சுக்குத் தனியாகக் காசு கட்டுவோம்.

எதிர்வாதங்களைப் பார்ப்போம்.

ஒன்று: "வளர்ற பிள்ளை, இப்போ அளவா வாங்கினா அடுத்த வருஷம் பத்தாது." தீபாவளிச் சட்டையை இரண்டு சைஸ் பெரிசாக வாங்கி, ஷூவுக்குள் பேப்பர் அடைத்து வளர்ந்த வம்சம் நாம். ஆனால் இதே வீட்டில் வயலின் வகுப்புக்கு அனுப்பும்போது ஆறு வயசுக் குழந்தைக்கு முழு வயலின் வாங்குகிறோமா? பாட்டு டீச்சர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். கால், அரை, முக்கால் என்று அளவு பார்த்து மாற்றிக்கொண்டே போகிறோம். கோல்ஃபிலும் அதே ஏற்பாடு உண்டு. யு.எஸ். கிட்ஸ் போன்ற கம்பெனிகள் குழந்தையின் உயரத்தில் 3 அங்குலத்துக்கு ஒரு படியாக செட் செய்கின்றன. ஒரு பிள்ளைக்குச் சின்னதானது இன்னொரு பிள்ளைக்குச் சரியாக இருக்கும். நம் சங்கத்தில் பரதநாட்டிய டிரஸ்ஸைக் கைமாற்றிக்கொள்வதில்லையா? அதே மாதிரிதான்.

இரண்டு: "சின்னசாமி முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்தவர். அவர் 2009-இல் இந்தியன் ஓப்பனே ஜெயித்தாரே, அவருக்கு யார் அளவெடுத்தார்கள்?" முனியப்பாவுக்குப் பெரிய கும்பிடு. பிளே-ஆஃப் வரை போய் ஜெயித்த மனுஷன். ஆனால் ஜெயித்த ஒருவரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கிடைத்த மட்டையோடு மல்லுக்கட்டி, "எனக்கு வரல" என்று வீட்டுக்குப் போனவர்கள் பெயர் எந்தப் பேப்பரிலும் வராது. நானும் குரங்குப் பெடலில் கற்றவன்தான். அதனால் குரங்குப் பெடல் நல்ல முறை என்று ஆகிவிடுமா? என் தங்கையைக் கேளுங்கள்.

மூன்று: "அளவெடுப்பதெல்லாம் பெரிய ஆட்டக்காரர்களுக்கு." நேர்மாறு. பெரிய ஆட்டக்காரர் ஒத்துவராத மட்டையையும் ஓரளவு சமாளிப்பார். புதிதாக வருகிறவரால் முடியாது. நீளத்தில் புனிதம் ஒன்றும் இல்லை. விதிப்படி மட்டை 18 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, பட்டர் தவிர மற்றவை 48-ஐத் தாண்டக்கூடாது. 2022 முதல் தொழில்முறைப் போட்டிகளில் 46 என்று வரம்பு வைக்கவும் அனுமதி உண்டு. அதற்குள் உங்கள் இஷ்டம். பிரைசன் டிஷாம்போ தன் அயர்ன் எல்லாவற்றையும் 37.5 அங்குலம் என்று ஒரே நீளத்தில் வைத்துக்கொண்டார். சிரித்தார்கள். 2020-லும் 2024-லும் யு.எஸ். ஓப்பன் வாங்கினார். அவர் அளவு நமக்குச் சரிவரும் என்று சொல்லவில்லை. தனக்கு எது சரி என்று அவர் பார்த்தார், அவ்வளவுதான்.

பேங்க்காரனாக ஒன்று சொல்கிறேன். வருமானம் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே தவணை போட்டுவிட்டு, கட்ட முடியாமல் போனதும் வாடிக்கையாளரைத் திட்டுகிற மேனேஜரை என்ன சொல்வோம்? கடனைப் போட்டவன்தான் முட்டாள் என்போம். மட்டை விஷயத்தில் அந்த மேனேஜர் நாம்தான்.

என்ன செய்யலாம்?

வீட்டில் ஒரு டேப் போதும். தட்டையான செருப்போடு நிமிர்ந்து நிற்கச் சொல்லி, கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை அளங்கள். உயரம் மட்டும் போதாது. குட்டையானவருக்குக் கை குட்டையாக இருக்கலாம், நெட்டையானவருக்குக் கை நீளமாக இருக்கலாம். இந்த இரண்டு அளவையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பெண்கள் செட் என்பது வழக்கமாக ஆண்கள் செட்டைவிட ஓர் அங்குலம் குறைவு. அந்த லேபிளை நம்பி வீட்டம்மாவுக்கு வாங்காதீர்கள், அவருக்கும் டேப் பிடியுங்கள்.

அறுத்தே தீருவேன் என்றால், குழந்தைக்கு ஸ்டீல் வேண்டாம், லேசான கிராஃபைட்டாகப் பாருங்கள். முதலில் ஓரிரு வாரம் தாழ்த்திப் பிடித்து ஆடிப் பார்த்து, அப்புறம் அரை அங்குலம் அரை அங்குலமாகக் குறையுங்கள். தலைப்பக்கம் கைவைக்கவே கூடாது, பிடிப்பக்கம்தான். பெரியவர்களுக்கு அரை அங்குலம் குறைத்தால் ஸ்விங் வெயிட் மூன்று புள்ளி அளவு இறங்கி, தலை லேசாகத் தெரியும். ஈய டேப் ஒட்டிச் சரிக்கட்டலாம். அறுத்ததை ஒட்ட முடியாது, ஞாபகம் இருக்கட்டும்.

என் பெண்ணுக்குப் பழைய பொருள் விற்கும் கடையில் அவள் அளவுக்கு ஐந்தே ஐந்து மட்டை கொண்ட ஒரு செட் கிடைத்தது. முதல் நாள் வேண்டா வெறுப்பாகத்தான் வந்தாள். ஏழாவதோ எட்டாவதோ பந்து, "டக்" என்று ஒரு சத்தம், நேராகப் போய் விழுந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பந்தை எடுத்து வைத்தாள்.

அன்று ராத்திரி தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எனக்கு இதெல்லாம் அப்பவே தெரியும்ணா" என்றாள்.

டிஸ்கி: நான் அறுத்த அந்த ஸ்டீல் செட் இன்னும் காராஜில்தான் கிடக்கிறது. வேண்டும் என்று யாரும் கேட்காதீர்கள், தர மாட்டேன் :-)