மார்கழிக் கடலில் நீராடலாமா?

"மாமா, மார்கழியில் ஒலுவில் கடல் குளிருமா? குளிக்கத்தக்க சூடு இருக்குமா?"

சென்ற மார்கழியில் இவ்வினாவை எம்மிடம் விடுத்தவன் எம் தமக்கையாரின் மைந்தன். அட்டனிலே பிறந்து வளர்ந்தவன். மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் வாய் திறந்தால் புகை வரும் ஊர் அது. அங்கே குழாய்நீரில் முகங் கழுவுவதற்கே மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இடங் கிடைத்து, எம்முடன் முதன்முறையாக ஒலுவிலுக்கு வந்த அவன் அவ்வாறு வினவியதில் வியப்பொன்றுமில்லை.

நாமோ வகுப்பறையில் வினாக்களுக்கு விடையளித்தே பழகிவிட்டோம். ஆகவே, "வெதுவெதுப்பாகவே இருக்கும், தயங்காதே" என்று சற்றும் யோசியாமல் கூறினோம். விடையிற் பிழையில்லை. ஆயினும் அவ்விடை ஒரு பிள்ளையின் உயிருக்கே உலைவைக்கப் பார்த்தது என்பதை அரை மணி நேரத்துள் உணர்ந்துகொண்டோம். அதனைப் பற்றியே இவ்வாரம் நேயர்களுடன் பேச விழைகின்றோம்.

முதலில் வெப்பத்தைக் கவனிப்போம். அடுப்பிலேற்றிய வெறுஞ்சட்டி விரைவிற் சூடேறி விரைவில் ஆறும். நீர் நிறைந்த பானை மெல்லச் சூடேறி மெல்லவே ஆறும். நிலத்திற்கும் கடலுக்கும் உள்ள வேற்றுமை இதுவே. சித்திரை, வைகாசியில் 29 அல்லது 30 பாகை செல்சியஸ் வரை சூடேறும் எமது கிழக்குக் கடல், மழையும் முகிலும் வாடைக்காற்றும் ஒருங்கு சேர்ந்து தணித்த பின்னரும், மார்கழி, தை மாதங்களில் ஏறக்குறைய 27 பாகையில் நிற்கின்றது. உலக நீச்சற் போட்டிகள் நடைபெறும் குளங்களின் நீர் 25 முதல் 28 பாகை வரை இருத்தல் வேண்டும் என்பது விதி. அவ்விதிப்படி பார்த்தால், ஒலுவில் கடல் மார்கழியிலும் தேர்ச்சி பெற்றுவிடுகின்றது. விடியற்காலையிலோ காற்று 23 பாகையளவிற்குத் தணிந்திருக்க, கடல்நீர் அதனினும் சூடாக இருக்கும். மழைக்கால விடியலில் கிணற்றுநீர் வெதுவெதுப்பாகத் தோன்றுவதை அறிந்த நம் இல்லத்தரசியருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

ஒலுவில் துறைமுகம் டென்மார்க் நாட்டின் கடனுதவியோடு கட்டப்பட்டது. அந்நாட்டுத் தலைநகராகிய கொப்பன்ஹேகனில் திசெம்பர் 21ஆம் நாளையொட்டி நண்பகற் சூரியன் அடிவானத்திலிருந்து 11 பாகை உயரமே எழுகின்றான். அதே நாளில் ஒலுவிலிலோ 59 பாகை உயரத்தில் நின்று காய்கின்றான். டென்மார்க்குக் கடல் கோடையிற்கூட எமது மார்கழிக் கடலின் சூட்டை எட்டுவதில்லை. குளிருக்கு அஞ்சி உல்லாசக் கப்பலேறி, கொழும்புக்கும் அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் வந்திறங்கும் மேலைநாட்டார், "கடல் குளிக்கத்தக்க சூடாக உள்ளதா?" என்று முதலில் வினவுவதன் காரணம் இப்போது விளங்கும். அவர்கள் நாட்டில் கடலில் இறங்குவோரின் முதற் பகை குளிர். நம் நாட்டில் அப்படியன்று.

குளிர் நம்மை அறவே தீண்டாது என்றும் எண்ணிவிடலாகாது. மனித உடலின் சூடு 37 பாகை. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே 27 பாகை நீரிலும் உடல் சிறிது சிறிதாகச் சூட்டை இழந்துகொண்டே இருக்கும். நெடுநேரம் நீரில் நின்ற குழந்தை கரையேறியதும் வாடைக்காற்றில் பற்கள் கிட்டி நடுங்குவது இதனாலேயே. உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியதும் கரையேற்றித் துவட்டிவிட்டால் போதும். குளிரைப் பற்றிய கதை இவ்வளவே.

இனி, அன்று மாலை நிகழ்ந்ததைக் கூறுவோம். துறைமுகத்திற்குத் தெற்கேயுள்ள மணற்கரையில் நின்றோம். மழை விட்டிருந்தது. ஆறுகள் கொணர்ந்த வெள்ளத்தாற் கடல் கலங்கிச் செந்நிறமாய்க் கிடந்தது. தோணிகள் யாவும் கரையில் ஏற்றப்பட்டிருந்தன. மருமகன் காலை நனைத்தான், "மாமா, தண்ணீர் சுடுகின்றது!" என்று கூவிச் சிரித்தான். அலைகள் மோதி உடையாமல் சற்றே அமைதியாய்த் தோன்றிய ஓரிடத்தைத் தெரிந்து, இடுப்பளவு நீரில் இறங்கினான். ஓரலை வந்து மீண்டது. அவன் காலடி மணல் கரைந்தது. நாம் அடுத்த மூச்சு விடுவதற்குள் இருபது முழத்திற்கப்பால் அவன் தலை மட்டும் தெரிந்தது.

நீச்சற்குளத்தில் முறையாகப் பயின்றவன் அவன். கரையை நோக்கி வேகமாகக் கை வீசினான். கரையோ அவனைவிட்டு விலகியது. நமக்கு நீந்தத் தெரியாது. கரையில் நின்று கத்துவதொன்றே நம்மாற் செய்ய முடிந்தது. வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், கயிறு கட்டிய மூடிய பிளாத்திக்குக் கலனொன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "தம்பி, நீந்தாத! மிதந்து கிட! கரைக்கு வராத, பக்கத்தால போ!" என்று அவர் இட்ட குரல் இன்றும் எம் செவியில் ஒலிக்கின்றது. கலன் அவன் கைக்கு எட்டவில்லை, குரல் எட்டியது. பையன் மல்லாந்து மிதந்தான். பின்னர் கரையோரமாகவே தெற்கு நோக்கி நீந்தினான். நூறு பாகத்திற்கப்பால் அலைகளே அவனை மணலில் கொணர்ந்து தள்ளின.

"காக்கா, தண்ணீர் சூடாக இருக்கிறது என்று நான்தான் இறங்கச் சொன்னேன்" என்று நாம் நாத் தழுதழுக்கக் கூறினோம்.

"மாஸ்டர், தண்ணி சூடா குளிரா எண்டு கையால பாக்கலாம். கடலக் கண்ணாலதான் பாக்கணும். வாடக் காத்துக்கு எங்கட தோணியே கரையில கிடக்கு. தம்பிக்கு என்ன அவசரம்?" என்றார் அவர். நாம் நீட்டிய பணத்தைத் தொடவுமில்லை. வாடிக்கு அழைத்துச் சென்று இருவருக்கும் தேநீர் வார்த்துத் தந்தார்.

அம்முதியவர் கூறியதில் விஞ்ஞானம் முழுவதும் அடங்கியுள்ளது. கார்த்திகை முதல் மாசி வரை வடகீழ்ப் பருவக்காற்று வங்காள விரிகுடாவின் அலைகளை நேரே எம் கரைமீது ஏவுகின்றது. அலைகள் கரையிற் குவிக்கும் நீர் எவ்வழியாலேனும் கடலுக்குத் திரும்பவேண்டும். மணற்றிட்டுக்களுக்கு இடையே பள்ளமான வழியொன்று கிடைப்பின், அவ்வழியே ஒரு வாய்க்கால் போல் விரைந்து பாய்கின்றது. இதன் வேகம் சிற்சில வேளைகளில் ஒரு விநாடிக்கு 2 மீற்றரையும் கடக்கும். உலக வெற்றிவீரரும் எதிர்த்து நீந்த மாட்டாத வேகம் அது. அப்பள்ளத்தின் மேல் அலைகள் உடைவதில்லை. ஆகையால் அவ்விடம் பார்வைக்கு அமைதியாகத் தோன்றும். பழக்கமில்லாதவர் அதனையே தெரிந்து இறங்குவர். கலங்கல் நீரும் நுரையும் கடலை நோக்கி நகரும் இடமாயின் அதனை விட்டு விலகுக. இவ்வோட்டம் எவரையும் நீரின் அடிக்கு இழுப்பதில்லை. கரையிலிருந்து அப்பால் கொண்டு செல்வது மட்டுமே அதன் செயல். எதிர்த்து நீந்திக் களைத்தவர்களே பெரும்பாலும் மாண்டுபோகின்றனர். மிதந்திருந்து, கரைக்கு இணையாக நீந்தி, ஓட்டத்தைவிட்டு விலகியவர் பிழைத்துக்கொள்கின்றனர்.

"சென்ற ஆவணியில் இதே இடத்தில் குளித்தோமே" என்று சிலர் கூறக்கூடும். கடலடி மணல் ஓரிடத்தில் நிலைத்திருப்பதன்று. இதற்கு ஒலுவில் துறைமுகமே சான்று. 1994இல் துறைமுக அமைச்சரான எம்.எச்.எம். அஷ்ரப் அவர்கள் கண்ட கனவு அது. 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்தெம்பரில் திறந்து வைக்கப்பட்டது. ஆண்டு முழுவதையும் சேர்த்துக் கணக்கிடின், இக்கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே மிகுதியாக நகர்கின்றது. அலைதடுப்பு அணைகள் அவ்வோட்டத்தை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. துறைமுக வாயிலையும் மணல் மூடிப் படகுகள் தடுமாறின. வடக்கே கடல் கரையை அரித்துத் தென்னந்தோட்டங்களை விழுங்கியது. கல்லாலான அணையையே இவ்வாறு ஆட்டிவைக்கும் மணல், ஒரு பருவத்தில் மேடாயிருந்த இடத்தை மறுபருவத்தில் பள்ளமாக்குவது அரிதா? அணையை ஒட்டியும் இத்தகைய இழுப்பு உண்டாவதுண்டு; பாசி படர்ந்த கற்களோ காலை வழுக்கிவிடும். துறைமுகத்தின் உள்நீர் அமைதியாயிருப்பினும் அது படகுகளின் வழி, பிள்ளைகளின் விளையாட்டிடமன்று.

2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையில் மிகுதியான உயிர்களைக் கவர்ந்தது இந்த அம்பாறை மாவட்டத்திலேயாகும். ஆகவே, "கடற்பக்கமே போகாதே" என்று தாய்மார் கூறுவதை நாம் குறைகூற மாட்டோம். ஆனால், அஞ்சி வளர்ந்த பிள்ளைக்கு நீரைப் படிக்கத் தெரியாது. தோழரோடு சேர்ந்த ஒரு நாளில் அச்சம் அகன்றுவிடும், அறியாமை மட்டும் எஞ்சும். 2024 நவம்பர் 26இல் காரைதீவு, மாவடிப்பள்ளியில் உழவியந்திரத்திற் சென்ற மதரசா மாணவரை வெள்ளம் அடித்துச்சென்ற துயரை இவ்வூர்கள் மறக்கவில்லை. ஓடும் நீரின் வலிமையை எண்சுவடியைப் போலச் சிறு பிராயத்திலேயே கற்பித்தல் வேண்டும்.

எனவே எமது முடிபு இது. கார்த்திகை முதல் மாசி வரை கிழக்குக் கரையிற் கடலைக் கண்டு மகிழுங்கள், இறங்காதீர்கள். அதே மாதங்களில் தென்மேற்குக் கரை பெரும்பாலும் அடங்கியிருக்கும். உல்லாசக் கப்பலிற் செல்வோரும் அங்கேயே நீராடுவர். நீந்தப் பழக விரும்புவோர் எம் கரையில் வாடை ஓய்ந்த பின், சித்திரை முதல் ஆவணி வரையுள்ள காலத்தில், பாசிக்குடா போன்ற ஆழமற்ற குடாவிலே, அறிந்தவர் துணையோடு பழகுக. சிவப்புக் கொடி பறக்குமாயின் கரையிலேயே நிற்க. எவரேனும் இழுபட்டால் பின்னாற் குதியாமல், மிதக்கும் பொருளொன்றை எறிந்து ஆள் கூட்டுக. யாவற்றிற்கும் முன், தோணிகள் எங்கே உள்ளன என்று பாருங்கள். அவை கரையிற் கிடக்குமாயின் வேறு வெப்பமானி வேண்டியதில்லை.

நாற்பது வயதைக் கடந்த நாமும் வரும் சித்திரையில் நீச்சல் பழகத் தீர்மானித்துள்ளோம். ஒரு பிள்ளையின் தலை நீரில் மறைந்து தோன்றுவதைக் கைகட்டி நின்று பார்க்கும் அவலம் இன்னொரு முறை எமக்கு வேண்டாம். ஆசிரியர் எம் மருமகனே. கட்டணமாக அவன் கேட்டிருப்பது, அம்முதியவரின் வாடிக்கு மீண்டும் ஒருமுறை அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே.