அப்பாக்களைத் தடுக்காதீர்கள்

பட்டயம் பெறாத பெற்றோர் பயிற்சி கொடுத்தால் பிள்ளைகளின் ஆட்டம் கெடும் என்கிறார்கள். ஆனால் கிரிக்கெட் வீரர் வாஷிங்டன் சுந்தருக்கு முதல் பயிற்சியாளர் அவருடைய அப்பா எம்.சுந்தர்தான். 2021 ஜனவரியில், பிரிஸ்பேனில், முதல் டெஸ்ட்டிலேயே மகன் 62 ரன் எடுத்தார். அதே ஆட்டத்தில் அறிமுகமான சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனைத் தூக்கிவிட்டவர் ஊர்க்கார அண்ணன் ஜெயப்பிரகாஷ்.

அப்படியிருக்க, பள்ளிபாளையத்தில் தறி ஷிப்ட் முடித்து வரும் அப்பாவால் சாப்ட்பால் பழக்க முடியாதா?

முடியும். இருபது பிள்ளைகள் வரிசையில் காத்திருக்க ஒருவர் மட்டும் மட்டை வீசினால் அந்த மாலை வீண்தான். அந்தக் குறை நிஜம். ஆனால் அதைத் தீர்க்கப் பட்டயம் வேண்டாம், நான்கு பந்து போதும். ஐவர் ஐவராகப் பிரித்து, ஒரு கூட்டம் கையைத் தாழ்த்தி வீசட்டும். ஒன்று உருண்டு வருவதைக் குனிந்து அள்ளட்டும். ஒன்று மட்டை பிடிக்கட்டும். மற்றது 60 அடி தள்ளியுள்ள பேஸுக்கு ஓடட்டும். பத்து நிமிடத்துக்கொரு முறை இடம் மாற்றினால் எந்தப் பிள்ளையும் சும்மா நிற்காது.