முதலில் இலக்கத்தைக் கேளுங்கள்



சென்ற மாதம் பற்றரி பராமரிப்புப் பற்றி எழுதியிருந்தேன். இம்மாதம் பெற்றோல் தாங்கியின் அழுத்தத்தை அளக்கும் சென்சர் பற்றிப் பார்ப்போம்.

கணவரை இழந்தபின் லீசிங்கில் கார் எடுத்து ஹயர் ஓடும் ஒரு சகோதரி இதைப்பற்றி என்னிடம் கேட்டார். காரில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்திருக்கிறது. "தாங்கிச் சென்சர் பழுது, மாற்றவேண்டும்" என்று கராஜில் சொல்லிவிட்டார்கள். தவணைப் பணமும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் ஒன்றாக நிற்கும் வீட்டில் இது சிறிய செலவல்ல.

வெயிலில் பெற்றோல் ஆவியாகிறது. அந்த ஆவி வெளியே போகாமல் கரி நிரப்பிய ஒரு பெட்டியில் பிடிக்கப்பட்டு, பின்னர் எஞ்சினுக்குள் சென்று எரிகிறது. எங்காவது கசிவு உண்டா என்று காரின் கணினி இந்தச் சென்சர் மூலமே பார்க்கிறது. எல்லாக் கார்களிலும் இது இருப்பதில்லை. உங்கள் காரில் உண்டா என்பதை முதலில் விசாரியுங்கள்.

விளக்கு எரிந்தால் ஸ்கானர் பூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் வரும் இலக்கத்தை எழுதி வாங்குங்கள். 0442, 0455, 0457 ஆகியவை கசிவைக் குறிப்பவை. 0450 முதல் 0454 வரை வந்தால்தான் சென்சரையும் அதன் வயர்களையும் சந்தேகிக்க வேண்டும். அந்தச் சகோதரிக்கு வந்தது 0455. பெற்றோல் மூடியின் றப்பர் வளையம் வெடித்திருந்தது. சென்சர் தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது.

கசிவு இலக்கம் வந்தால் மூடியைக் கழற்றி றப்பரைப் பாருங்கள். துடைத்து, 'கிளிக்' என்ற சத்தம் கேட்கும்வரை இறுக்குங்கள். விளக்கு உடனே அணையாது. சில நாட்கள் ஓடிய பின்பே அணையும். மூடி நல்லதாக இருந்தால் அடுத்ததாக றப்பர் குழாய்களில் வெடிப்பு உண்டா என்று பார்க்கவேண்டும்.

சென்சர் இலக்கம் வந்தால் மெக்கானிக்கிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள்.

1. வயர் இணைப்பைக் கழற்றிப் பார்த்தீர்களா? சென்சர் பெரும்பாலும் தாங்கியின் மேற்புறத்தில் இருக்கும். அங்கே சேறும் ஈரமும் சேரும், எலியும் வயரைக் கடிக்கும்.

2. திறப்பைப் போட்டு, எஞ்சினை இயக்காமல் மீற்றரால் அளந்தீர்களா? சாதாரணமாக மூன்று வயர்கள் இருக்கும். ஒன்றில் 5 வோல்ற் வரவேண்டும். ஒன்று பூமி இணைப்பு. மற்றது கணினிக்குச் செய்தி கொண்டுபோவது. 5 வோல்ற் வரவில்லையென்றால், அல்லது பூமி இணைப்பு அறுந்திருந்தால், புதுச் சென்சர் போட்டும் பயனில்லை.

3. மூடியைத் திறந்துவைத்து ஸ்கானரில் பார்த்தீர்களா? மூடி திறந்திருக்கையில் தாங்கிக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம்தான். மூன்று வயர்களும் நல்லாயிருந்தும் ஸ்கானர் வித்தியாசம் காட்டினால் சென்சரை மாற்றலாம்.

ஒன்றை மறவாதீர்கள். பெற்றோல் மணம் வந்தால் காரை ஓட்டவேண்டாம். மூடியைத் திறந்து பார்ப்பது வெளியிடத்தில், நெருப்பும் சிகரெட்டும் இல்லாத இடத்தில் நடக்கட்டும். பெற்றோல் அடிக்கும்போது பம்ப் தானாக நின்றபின் மேலும் அடிக்கச் சொல்லவேண்டாம். மேலதிகப் பெற்றோல் கரிப் பெட்டிக்குள் போய் அதைப் பழுதாக்கும்.

இந்தச் சோதனைகளை எல்லாம் நாமே செய்யவேண்டும் என்றில்லை. "என்ன இலக்கம் வந்தது? எத்தனை வோல்ற் காட்டியது?" என்று கேட்கத் தெரிந்தால் போதும். கேள்வி கேட்கும் பெண்ணிடம் எவரும் இலேசில் வீண் பில் நீட்டமாட்டார்கள். இலக்கம், திகதி, செய்த வேலை, கொடுத்த பணம் இவற்றை ஒரு கொப்பியில் எழுதி காரிலேயே வையுங்கள். அடுத்த முறை அது உங்களுக்குக் கைகொடுக்கும்.

அடுத்த மாதம் ரயர் பற்றிப் பார்ப்போம்.