மாத்திரை சாப்பிட்டதும் காய்ச்சலா? நிறுத்தாதீர்கள்!

எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்து மூன்று வாரம்தான் ஆகியிருக்கும். திடீரென்று காய்ச்சல் கொளுத்தும். கழுத்தில் நெறி கட்டும். இருமல் வாட்டும். "சும்மா இருந்த உடம்பை மாத்திரை கெடுத்துடுச்சு" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். மறுநாளே மாத்திரை குப்பைத் தொட்டிக்குப் போய்விடும்.

அங்கேதான் ஆபத்து!

பல பேருக்கு நடப்பது வேறு. படுத்துக் கிடந்த எதிர்ப்பு சக்தி அப்போதுதான் எழுந்து உட்காருகிறது. அதுவரை காச நோய்க் கிருமி உடம்புக்குள் சத்தம் போடாமல் குடியிருந்திருக்கும். போலீஸ் எட்டிப் பார்க்காத தெருவில் திருடன் ஏன் ஓடப் போகிறான்? ரோந்து வந்த பிறகுதான் துரத்தலும் அடிதடியும். அந்தக் காய்ச்சலும் வீக்கமும் அந்த அடிதடிதான்.

அதற்காக, "தானா சரியாப் போயிடும்" என்று பாயைப் போட்டுப் படுத்துவிடக் கூடாது. மூளைக் காய்ச்சல் கிருமி உள்ளே இருந்தால் உயிருக்கே உலை வைத்துவிடும். மாத்திரை ஒத்துக்கொள்ளாமலும் காய்ச்சல் வரலாம். எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஒளிந்திருக்கும் நோய்க்குத் தனி மருந்து உண்டு. வீக்கம் மிஞ்சினால் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். பெரும்பாலும் எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்த மாட்டார்கள்.

இந்தத் தொல்லை யாருக்கு அதிகம்? லேட்டாக வருகிறவர்களுக்கு!

ரத்தத்தில் சி.டி.4 என்று ஒரு வெள்ளை அணு இருக்கிறது. நோயை எதிர்க்கும் படைக்குத் தளபதி மாதிரி. நல்ல உடம்பில் ஒரு சொட்டுக்கும் குறைவான ரத்தத்தில், அதாவது ஒரு கன மில்லி மீட்டரில், சுமார் 500 முதல் 1,500 வரை இருக்கும். எச்.ஐ.வி. இதைத்தான் குறி வைத்துத் தீர்க்கிறது. 200-க்குக் கீழே போனால் காச நோய் முதல் காளான் கிருமி வரை எல்லாம் புகுந்துவிடும்.

மாத்திரை சாப்பிட்டால் கிருமி சில வாரங்களிலேயே சரசரவென்று குறையும். ஆனால், படை அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. முதல் சில மாதம் எண்ணிக்கை வேகமாக ஏறும். பிறகு நத்தை வேகம்தான். வருஷத்துக்கு 50, 100 என்று ஏறினாலே பெரிது. வயதானவர்களுக்கு இன்னும் மெதுவாக ஏறும். 50-க்கும் 100-க்கும் இறங்கிய பிறகு வருகிறவர்களில் சிலருக்கு எத்தனை வருஷம் சாப்பிட்டாலும் 500-ஐத் தொடாது. சீக்கிரம் வந்திருந்தால் இந்த அவதி எதற்கு?

முன்பு சீக்கிரம் வந்தாலும் மாத்திரை கிடைக்காது என்பது உண்மை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், இதே சென்னையில். அரசாங்கம் இலவச மாத்திரை கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1-ந் தேதி. தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியும் ஆரம்பத்திலேயே கொடுத்த இடங்களில் ஒன்று. அப்போது 200-க்குக் கீழே இறங்கினால்தான் பெரும்பாலோருக்கு மாத்திரை. 2017-ல் அந்தக் கணக்கை எடுத்துவிட்டார்கள். நோய் இருப்பது தெரிந்தால் எண்ணிக்கை எதுவானாலும் உடனே மாத்திரை. அதுவும் காசில்லாமல்! இன்னும் என்ன தயக்கம்?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. எண்ணிக்கை ஏறி, உடம்பு தேறி, கன்னத்தில் சதை வைத்ததும் "இனிமேல் எதுக்கு மாத்திரை?" என்று கேட்கிற கூட்டம். கிருமி செத்துவிடவில்லை. சில அணுக்களுக்குள் பதுங்கிக் கிடக்கிறது. மாத்திரையை விட்டால் பெரும்பாலும் சில வாரங்களில் தலை தூக்கிவிடும். 33 நாடுகளில் 5,472 பேரை வைத்து நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2006-ல் வந்தது. விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களுக்கு நோயும் சாவும் இரண்டு மடங்குக்கு மேல்!

"எய்ட்ஸை வேரோடு அழிக்கிறோம்" என்று லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்கும் ஆசாமிகள் பிழைப்பதும் இந்தக் கூட்டத்தை நம்பித்தான். எய்ட்ஸைக் குணப்படுத்துவதாகச் சொல்லி மருந்து விற்பது சட்டப்படி குற்றம். போலீசுக்கு இது தெரியாதா? சுவரில் விளம்பரம் ஒட்டியிருக்கிறது, அதில் போன் நம்பரும் இருக்கிறது. பிடிக்க வேறு என்ன துப்பு வேண்டும்?

மாத்திரை கொடுக்கும் மையங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. முதல் நாளே, கூட்டம் எவ்வளவு இருந்தாலும், "மூணு மாசத்துக்குள்ள காய்ச்சல் வரலாம், நெறி கட்டலாம். வந்தா மாத்திரையை விடாதே, உடனே இங்கே வா" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. இடையில் நிறுத்திவிட்டுத் திரும்பி வருகிறவரை நாலு பேர் எதிரில் திட்டுவதையும் விட வேண்டும். திட்டு வாங்கியவர் அடுத்த மாதம் வரமாட்டார். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் கியூவில் நின்றால் அன்றைய சம்பளம் போச்சு. உடம்பு தேறியவருக்கு இரண்டு, மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுத்து அனுப்பினால் என்ன?

விஷயம் வெளியே தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு: ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வதைத் தடுக்க 2017-ல் போட்ட சட்டம், 2018 செப்டம்பர் முதல் அமலில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் 1097-க்குப் போன் செய்யலாம். அதற்கும் காசு கிடையாது.