பர்மாவின் முகம் எது?

பர்மா என்றதும் தாம்பரம், பல்லாவரம் பகுதிகளில் நம்மில் சிலருக்குத் தாத்தா பாட்டி சொன்ன கதைகளே நினைவுக்கு வருகின்றன. 1942-இல் ஜப்பானியப் படைக்கு அஞ்சி, பல லட்சம் இந்தியர்கள் காடு மலை கடந்து நடந்தே தாயகம் திரும்பினர். வழியில் மாண்டவர்கள் பல்லாயிரம். 1962-இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்து நாட்டின் கதவை அடைத்தது. கடைகளை இழந்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலேறினர். 'நம்மை விரட்டிய நாடு' என்ற எண்ணமே நம்மிடம் தங்கிவிட்டது.

ஆனால் அதே இராணுவத்தால் பர்மிய மக்களும் துன்புறுகிறார்கள். 2021-இல் மிட்சினா நகரில் அருள்சகோதரி ஆன் ரோஸ் நு தவ்ங் காவலர்முன் முழந்தாளிட்டு, இளைஞர்களைச் சுடவேண்டாம் என மன்றாடினார். அதுவும் பர்மாவின் முகமே.

ஆட்சியாளர் செய்த குற்றத்தை மக்கள்மேல் சுமத்தாதிருப்போம். நம் முன்னோரின் கண்ணீர், இன்று அம்மக்களுக்காகச் செபிக்க நம்மைத் தூண்டட்டும்.