டாப்ஸ்லிப்பில் சிக்னல் இல்லை, நமக்குப் பொறுமை இல்லை

5-ஆம் வகுப்புப் பெற்றோருக்கு,

பிள்ளைகள் டாப்ஸ்லிப் காட்டு முகாமுக்குப் போய்வந்து பத்து நாள் ஆகிறது. அட்டை கடித்த தடம்கூட மறைந்துவிட்டது. இங்கே நாம் அடித்த கூத்தைப் பற்றித்தான் யாரும் வாய் திறக்கவில்லை. சரி, நான் திறக்கிறேன். குற்றவாளிகள் பட்டியலில் என் பெயரும் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன் கொடுத்தனுப்பாதீர்கள் என்று பள்ளி மூன்று முறை சொன்னது. சேத்துமடை தாண்டினால் சிக்னலை நம்ப முடியாது, முடிந்தபோது ஆசிரியர் பேசுவார் என்றும் சொன்னது. எல்லோரும் தலையாட்டினோம். ஆனால் பஸ் கிளம்பும் முன்பே நான்கு பைகளிலிருந்து, மடித்த துண்டுக்குள்ளிருந்து, போன்கள் வெளியே வந்தன. கையைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றது பிள்ளை. ஒளித்து வைத்தது யார்? "மிஸ் கேட்டா இல்லைன்னு சொல்லிரு" என்று பத்து வயதுக்காரிக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

அன்று இரவு எட்டரை மணிக்கு நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஆடியோ வந்து விழுந்தது. "டாப்ஸ்லிப் ரோட்டுல யானை ஸ்கூல் வேனை மறிச்சிருச்சாம்." யார் குரல், எந்தப் பள்ளி, என்றைக்கு நடந்தது, ஒன்றும் கிடையாது. மேலே இரட்டை அம்புக்குறி வேறு; பல கை மாறி வந்த சரக்கு என்று செயலியே சொல்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே என் அக்காவுக்கும் நாத்தனாருக்கும் தள்ளிவிட்டேன் நான். அரை மணி நேரத்தில் குரூப்பில் நூற்றுக்கு மேல் செய்திகள். ஒரு அப்பா காரை எடுத்துக்கொண்டு சேத்துமடை செக்போஸ்ட்டுக்கே போய்விட்டார். பொழுது சாய்ந்தபின் உள்ளே விடமாட்டார்கள். கேட்டில் இருந்தவரிடம் சண்டை. பிள்ளைகளோ சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆடியோ போன வருஷமே சுற்றிய பழசு.

பதற்றத்தில் செய்துவிட்டோம், இதில் என்ன பெரிய தப்பு என்கிறீர்களா? 2018 மே மாதம் போளூர் பக்கம் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி, வழியில் பார்த்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுகிறார்கள் என்று வாட்ஸ்அப் வதந்தி பரவியிருந்த நேரம் அது. ஊர்க்காரர்கள் அவரை அடித்தே கொன்றார்கள். அந்த வருஷம் நாடெங்கும் இப்படிச் சாவு விழுந்தபிறகுதான், வந்த செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்த வதந்தியை அனுப்பியவர்களும் பிள்ளைகள்மேல் உயிரை வைத்திருந்தவர்கள்தான். நம்மைப் போல.

அடுத்தது போட்டோ. மறுநாள் ஆசிரியர் அனுப்பிய படங்களில் ஒன்றில், காலில் அட்டை ஒட்டிக்கொண்டு ஒரு பையன் ஓவென்று அழுகிறான். அதைச் சிரிக்கிற பொம்மை போட்டு ஒருவர் ஸ்டேட்டஸில் வைத்தார். பதினேழு பேர் அதற்கு இதயம் விட்டோம். திங்கட்கிழமை வகுப்பில் அவன் பெயர் 'அட்டை' ஆகிவிட்டது. இரண்டு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. மற்ற பிள்ளைகளுக்கு அந்தப் படம் எங்கே கிடைத்தது? நம் போனில்தான்.

என் மகள் அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் கேட்டாள்: "அம்மா, ஒருத்தர் போட்டோவ போடறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட கேக்கணும்னு கம்ப்யூட்டர் மிஸ் சொன்னாங்க. அவன்கிட்ட யாரு கேட்டாங்க?"

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவரின் தகவலை நிறுவனங்கள் பயன்படுத்தப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பிள்ளைக்குக் காவல் நாம்தான் என்று சட்டம் நம்பி ஒப்படைத்திருக்கிறது. காவலே இப்படி என்றால்? இன்ஸ்டாகிராமுக்குக் குறைந்தது 13 வயது வேண்டும். நம் வகுப்பில் கணக்கு வைத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பிறந்த வருஷத்தை மாற்றித் தட்டியது யாருடைய விரல்? இணையத்தில் பிள்ளை சொல்லும் முதல் பொய்யை நாமே எழுதிக்கொடுத்துவிட்டு, பள்ளியில் டிஜிட்டல் ஒழுக்கம் கற்றுத்தரவில்லை என்று கூட்டத்தில் கை தூக்குகிறோம்.

பள்ளி கற்றுத்தந்துகொண்டுதான் இருக்கிறது. இரண்டு நாள் போன் இல்லாமல் பிள்ளைகள் இருந்து காட்டினார்கள். இருக்க முடியாதது நமக்குத்தான்.

அடுத்த முகாமுக்கு முன் இதையாவது செய்வோம். பையில் போன் வைக்க வேண்டாம். ஆசிரியர் சொன்னால் ஒழிய எந்தச் செய்தியும் செய்தி இல்லை என்று வைத்துக்கொள்வோம். சந்தேகம் வந்தால் பள்ளிக்கு ஒரு போன், குரூப்பில் வேண்டாம். அடுத்தவர் பிள்ளையின் படம் நம் ஸ்டேட்டஸுக்கு இல்லை. நம் பிள்ளையின் படமானாலும், "போடட்டுமா கண்ணு?" என்று ஒரு வார்த்தை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அந்தப் பையன் வீட்டுக்கு நான் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இதயம் விட்ட மீதிப் பதினாறு பேரும் போகலாம்.

இதையெல்லாம் எழுத வைத்தது நேற்று வந்த ஒரு தபால் கார்டு. முகாமில் பிள்ளைகளை வீட்டுக்குக் கடிதம் எழுதச் சொல்லி, பொள்ளாச்சியில் தபாலில் சேர்த்திருக்கிறார்கள். பிள்ளை வந்து ஒன்பது நாள் கழித்துக் கடிதம் வருகிறது. "அம்மா, கோழிகமுத்தியில யானைக்கு ராகிக் களி உருண்டை குடுக்கறத பாத்தோம். காவடின்னா சாமிக்கு எடுக்கறது மட்டும் இல்ல, மாவுத்தருக்கு ஒத்தாசையா இருக்கறவருக்கும் அதுதான் பேரு. ராத்திரி கொஞ்சம் பயந்தேன். யார்கிட்டயும் சொல்லாத."

ஊர் திரும்பியவளிடம் நான் முதலில் கேட்டது, "போட்டோல நீ ஏன் பின்னாடியே நிக்கற?" என்றுதான். யானையைப் பற்றிக் கேட்கவே இல்லை. கடைசி வரியை இங்கே எழுதலாமா என்று காலையில் அவளிடம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "பேரு போடாம எழுதிக்கோ" என்றாள்.